படத்தை அகற்றுவதா, பழிச்சொல்லை அகற்றுவதா? – வீராங்கனை டெய்லா ஹாரிஸின் தொடக்க ஆண்டுகள்

(புலம்பெயர் தமிழ்ப் பெற்றோரும் இளையோரும் கூடிய அரங்கில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2019 ஆம் ஆண்டு மார்ச் 17 ஆம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை. மெல்பேர்ண் நகரில் பெண்கள் உதைபந்தாட்டப் போட்டியொன்று நடந்துகொண்டிருந்தது. கார்ல்ட்டன் அணிக்காக ஆடிய 21 வயது டெய்லா ஹாரிஸ் பந்தை ஓங்கி உதைத்தார். உதைத்த வேகத்தில் அவரது உடல் முழுவதும் நிலத்தை விட்டு மேலெழுந்தது; உதைத்த கால் தலையளவு உயரத்துக்குச் சென்றது. கண்கள் மட்டும் பந்தை விட்டு அகலவில்லை. அந்த நொடியை மைக்கேல் வில்சன் என்ற ஒளிப்படக் கலைஞர் தம் கருவியில் பதிவு செய்தார்.

அந்த ஒரு படம் அடுத்த சில நாட்களில் அவுஸ்திரேலிய நாடு முழுவதும் பேசுபொருளாயிற்று. ஏன் அவ்வாறாயிற்று என்பதையும், அந்தப் படத்தில் இருக்கும் பெண் அந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்பதையும் எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கம். பெண்பிள்ளைகளைப் பெற்ற ஒவ்வொரு புலம்பெயர்ந்த குடும்பத்துக்கும் இதில் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு.

முதலில் இவ்விளையாட்டைப் பற்றிச் சில சொற்கள். அவுஸ்திரேலியாவுக்கு வெளியே வாழ்வோர் பலர் இதைக் கண்டிருக்க மாட்டார்கள். 1859 இல் மெல்பேர்ணில் விதிகள் எழுதப்பட்ட ஆட்டம் இது. முட்டை வடிவப் பந்து. துடுப்பாட்ட மைதானத்தைப் போன்ற நீள்வட்டத் திடல். ஒவ்வொரு முனையிலும் நான்கு கம்பங்கள் நிற்கும். நடு இரு கம்பங்களுக்கிடையே பந்தை உதைத்து அனுப்பினால் 6 புள்ளிகள். பக்கத்துக் கம்பங்களுக்கிடையே சென்றால் 1 புள்ளி. உதைக்கப்பட்டு வரும் பந்தை நிலத்தில் விழுமுன் பிடித்துவிட்டால், பிடித்தவர் எவருடைய இடையூறுமின்றி அடுத்த உதையை உதைக்கலாம். எனவே ஒருவர் தோளுக்கு மேல் மற்றொருவர் எழும்பிப் பந்தைப் பற்றுவது இவ்வாட்டத்தின் அழகு. மோதலும் தள்ளலும் நிறைந்த கடுமையான ஆட்டம். ஆண்கள் அணியில் திடலில் 18 பேர் நிற்பர். பெண்களின் தேசியப் போட்டியில் 16 பேர்.

டெய்லா ஹாரிஸ் 1997 ஏப்ரல் 16 அன்று பிறந்தவர். குயின்ஸ்லாந்து மாநிலத்தின் பிரிஸ்பேனில் வளர்ந்தவர். குயின்ஸ்லாந்து றக்பி ஆட்டத்தின் கோட்டை. அங்கு இவ்வாட்டத்துக்கு இரண்டாம் இடந்தான். அந்நகரின் வடபுறத்தில் உள்ள ஆஸ்பிலி கழகத்தில், சிறுவயதில் ஆண்பிள்ளைகளோடு சேர்ந்து ஆடத் தொடங்கினார் டெய்லா. உயரமான உடல், நெடுந்தொலைவு செல்லும் உதை, தலைக்கு மேல் வரும் பந்தை அஞ்சாது பற்றும் கை ஆகியவை பின்னாளில் அவரது அடையாளங்களாயின. சிறுவர்களோடு மோதி வளர்ந்த அந்த ஆண்டுகள் அவருக்கு நல்ல பள்ளியாய் அமைந்தன.

ஆனால் அக்காலத்துச் சிறுமியர் எல்லோர்க்கும் ஒரு தடை காத்திருந்தது. பன்னிரண்டு, பதினான்கு வயது வரை சிறுவர்களோடு ஆடலாம். அதன் பின் கழகங்கள் கதவைச் சாத்திவிடும். பல இடங்களில் பெண்பிள்ளைகளுக்கெனத் தனி அணி எதுவும் கிடையாது. பெரியவர்களான பெண்கள் ஆடும் அணிகள் இருந்தன. 1981 இல் விக்டோரியா மாநிலத்தில் நான்கு அணிகளோடு பெண்கள் கூட்டமைப்பு தொடங்கப்பட்டிருந்தது. அதற்கும் வெகுமுன்னரே, 1915 இல், முதல் உலகப் போர்க் காலத்தில் பெர்த் நகரின் அங்காடிகளில் வேலை செய்த பெண்கள் அணி சேர்த்து ஆடியிருக்கிறார்கள். ஆகவே பெண்கள் இவ்வாட்டத்தை ஆடுவது புதுமையன்று. சிறுமி ஒருத்தி பதினான்கு வயதில் ஆட்டத்தை விட்டுவிட்டுப் பெரியவளாகும் வரை எங்கே போவாள் என்ற வினாவுக்குத்தான் எவரிடமும் விடை இருக்கவில்லை.

இவ்வினாவை நீதிமன்றத்தின் முன் கொண்டுசென்றவர்களும் சிறுமியரே என்பதை இங்கு அமர்ந்திருக்கும் இளையோர் மனத்திற்கொள்ள வேண்டும். மெல்பேர்ணின் தென்கிழக்குப் பகுதியில் சிறுவர்களோடு ஆடிவந்த பெனி கூலா-ரீட் என்ற சிறுமியும் வேறு இரு சிறுமியரும், வயதைக் காட்டித் தம்மை விலக்கியதை எதிர்த்து விக்டோரியாவின் நடுவர் மன்றத்தில் முறையிட்டனர். 2004 இல் வந்த தீர்ப்பு முழு வெற்றியன்று. பதினான்கு வயதுக்குட்பட்டோர் பிரிவில் பெண்பிள்ளைகளை விலக்குவது தவறு என்றது மன்றம். அதற்கு மேற்பட்ட வயதில் உடல்வலிமை வேறுபாடு ஆட்டத்தைப் பாதிக்கும் என்பதால் விலக்குவதை ஏற்றுக்கொண்டது. வயதில் மூத்த பெனி தாம் கேட்டதைப் பெறவில்லை. ஆயினும் அவ்வழக்கு எழுப்பிய ஓசை வீண்போகவில்லை. விக்டோரியாவின் உதைபந்தாட்ட அமைப்பு இளம்பெண்களுக்கெனத் தனிப் போட்டியைத் தொடங்கிற்று. அதே பெனி கூலா-ரீட் பின்னாளில் தேசியப் பெண்கள் போட்டியில் கொலிங்வூட் அணிக்காக ஆடினார். டெய்லாவின் தலைமுறைக்குப் பாதை கிடைத்ததென்றால், முன்னே சென்ற இத்தகையோர் முள் அகற்றியதே காரணம்.

இனி டெய்லாவின் கதைக்குத் திரும்பலாம்.

அவுஸ்திரேலிய உதைபந்தாட்டச் சம்மேளனம் 2013 ஆம் ஆண்டு, மெல்பேர்ண் துடுப்பாட்ட மைதானத்தில், இரு கழகங்களின் பெயரில் பெண்களுக்கான காட்சிப் போட்டியொன்றை நடத்தியது. தேசியப் பெண்கள் போட்டித் தொடரை 2020 இல் தொடங்குவதே முதலில் இருந்த எண்ணம். மக்களின் வரவேற்பைக் கண்டு 2017 ஆம் ஆண்டுக்கே அதனை முன்கொண்டு வந்தனர். எட்டுக் கழகங்கள் தெரிவு செய்யப்பட்டன. ஒவ்வொரு கழகமும் இரு முதன்மை வீராங்கனைகளை முன்கூட்டியே ஒப்பந்தம் செய்யலாம் என்று விதித்தனர். 2016 யூலையில் அந்தப் பதினாறு பெயர்களும் அறிவிக்கப்பட்டபோது, பிரிஸ்பேன் லயன்ஸ் கழகத்தின் இருவரில் ஒருவர் டெய்லா ஹாரிஸ். அப்போது அவருக்கு வயது 19.

முதன்மை வீராங்கனை என்றதும் பெருஞ்செல்வம் என்று எண்ணிவிட வேண்டா. முதற்பருவத்தில் முதன்மை வீராங்கனைக்கு 27,000 டொலர். அணியின் பெரும்பாலோர்க்கு 8,500 டொலர். பகலில் வேறு வேலையோ படிப்போ, மாலையில் பயிற்சி, வார இறுதியில் போட்டி என்பதே பெரும்பாலோரின் வாழ்க்கை. ஆசிரியர்களும் செவிலியர்களும் மாணவியரும் ஆடிய போட்டி அது. "விளையாட்டு சோறு போடுமா?" என்று கேட்கும் பெற்றோர்க்கு நேர்மையான விடை இதுதான்: அன்று போடவில்லை. படிப்பையும் தொழிலையும் கைவிடாமலே அப்பெண்கள் ஆடினார்கள்.

2017 பெப்ரவரி 3 அன்று மெல்பேர்ணின் பிரின்சஸ் பூங்காத் திடலில் கார்ல்ட்டனும் கொலிங்வூட்டும் மோதிய முதற்போட்டியைக் காண 24,568 பேர் வந்தனர். இடம் நிறைந்து வாயில்கள் மூடப்பட்டன. உள்ளே நுழைய முடியாமல் வெளியே நின்றவர்களிடம் சம்மேளனத்தின் தலைமை அதிகாரியே சென்று வருத்தம் தெரிவித்தார். பெண்கள் ஆட்டத்தைப் பார்க்க யார் வருவார் என்று பல்லாண்டுகளாகக் கேட்கப்பட்ட கேள்விக்கு அன்றிரவே விடை கிடைத்துவிட்டது.

இரண்டு நாட்கள் கழித்து, பெப்ரவரி 5 அன்று, மெல்பேர்ண் அணிக்கு எதிராக டெய்லா முதன்முறை களமிறங்கினார். இடிமின்னலால் இடையே நிறுத்தப்பட்ட அப்போட்டியில் பிரிஸ்பேன் வென்றது. அப்பருவத்தில் நடந்த ஏழு சுற்றுகளில் ஒன்றிலும் அவ்வணி தோற்கவில்லை. ஒன்றைச் சமன் செய்து மற்றவற்றை வென்று இறுதியாட்டத்துக்குள் நுழைந்தது. முன்வரிசையில் நின்ற டெய்லா பருவத்தின் முடிவில் அனைத்து அவுஸ்திரேலிய அணிக்குத் தெரிவானார். அடுத்த ஆண்டும் அப்பெருமை அவருக்குக் கிட்டியது.

அந்த முதல் இறுதியாட்டத்தைப் பற்றி ஒரு செய்தியைக் குறிப்பிட வேண்டும். பிரிஸ்பேனின் பெருமைமிகு கபா மைதானத்தில் அது நடந்திருக்க வேண்டும். ஆனால் அங்கு நடந்த பாடகி அடேலின் இசை நிகழ்ச்சிகளுக்குப் பின் புற்றரை பழுதடைந்திருந்தது. எனவே கோல்ட் கோஸ்ட் நகருக்கு ஆட்டம் மாற்றப்பட்டது. அங்கும் ஆண்களின் போட்டி ஒன்றுக்கு முன்னோடியாகவே நடத்தப்பட்டது. 2017 மார்ச் 25 அன்று 15,610 பேர் முன்னிலையில் அடிலெய்ட் 35 புள்ளிகளும் பிரிஸ்பேன் 29 புள்ளிகளும் பெற்றன. ஒரே ஒரு கோல் தொலைவில் கிண்ணம் கைநழுவிப் போயிற்று. முதற்பருவத்தில் பெண்களின் ஆட்டத்துக்கு எத்தகைய இடம் தரப்பட்டது என்பதை இந்த இடமாற்றமே சொல்லிவிடும்.

அப்பருவத்துக்குப் பின் டெய்லா கார்ல்ட்டன் கழகத்துக்கு மாறினார். பிறந்த ஊரை விட்டு, ஏறத்தாழ 1,700 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள மெல்பேர்ணில் குடியேறினார். உதைபந்தாட்டத்தோடு தொழில்முறைக் குத்துச்சண்டையிலும் இறங்கினார். கார்ல்ட்டன் 2018 இல் பட்டியலின் அடியில் கிடந்தது. அடுத்த ஆண்டே எழுந்து இறுதியாட்டத்தை நோக்கி நடைபோட்டது. அந்த எழுச்சிப் பருவத்தின் நடுவேதான் உரையின் தொடக்கத்தில் சொல்லப்பட்ட ஒளிப்படம் எடுக்கப்பட்டது.

தொலைக்காட்சி நிறுவனமொன்று அப்படத்தைத் தன் சமூக ஊடகப் பக்கத்தில் வெளியிட்டது. உடனே இழிந்த கருத்துகள் வந்து குவிந்தன. பந்தைப் பற்றியோ உதையைப் பற்றியோ அவர்கள் எழுதவில்லை. அவரது உடலைப் பற்றி, இந்த அவையில் சொல்லத் தகாத சொற்களை எழுதினார்கள். மார்ச் 19 அன்று அந்நிறுவனம் ஒரு முடிவெடுத்தது. எழுதியவர்களை விட்டுவிட்டு, படத்தை அகற்றியது.

அவர்களின் எண்ணத்தில் அது தீய செயலன்று. மேலும் வசை வராமல் தடுக்கலாம், அப்பெண்ணைக் காக்கலாம் என்றே கருதியிருக்கலாம். ஆனால் விளைவைப் பாருங்கள். ஆட்டத்தில் அப்பெண் எந்தத் தவறும் செய்யவில்லை. தன் தொழிலைச் செவ்வனே செய்தார். அவரைத்தான் மறைத்தார்கள். இழிசொல் எழுதியவர்களோ தாம் நினைத்ததைச் சாதித்துவிட்டார்கள். நாடெங்கும் இருந்து எதிர்ப்பு எழுந்தது. சக வீராங்கனைகள், வீரர்கள், ஊடகர்கள் எல்லோரும் அதே படத்தை மீண்டும் மீண்டும் வெளியிட்டனர். நாட்டின் பிரதமரும் வசைபாடியோரைக் கண்டித்தார். இறுதியில் அந்நிறுவனம் தவற்றை ஒப்புக்கொண்டு படத்தை மீண்டும் வெளியிட்டது.

டெய்லா அப்போது என்ன செய்தார்? ஒளிந்துகொள்ளவில்லை. அதே படத்தைத் தம் பக்கத்தில் தாமே வெளியிட்டு, இது தாம் வேலை செய்யும்போது எடுத்த படம் என்றும், இழிவாக எழுதுமுன் சிந்தியுங்கள் என்றும் எழுதினார். தம்மீது பொழியப்பட்டது வெறுங்கேலியன்று, பாலியல் வன்சொல் என்று வானொலியில் தெளிவாகப் பெயரிட்டுச் சொன்னார். முன்பின் அறியாத ஒருத்தியைப் பற்றிப் பொதுவெளியிலேயே இப்படி எழுதுவோர், மூடிய கதவுகளுக்குப் பின்னால் என்ன சொல்வார்கள், என்ன செய்வார்கள் என்றும் கேட்டார். தம் துன்பத்தைச் சொல்லும்போதும், அம்மனிதர்களின் வீடுகளில் இருக்கக்கூடிய பெண்களை அவர் எண்ணிப் பார்த்தார். 21 வயதில் அத்தகைய தெளிவு எளிதன்று.

இரு வாரங்கள் கழித்து, மார்ச் 31 அன்று, கார்ல்ட்டனும் அடிலெய்டும் மோதிய இறுதியாட்டத்தைக் காண அடிலெய்ட் ஓவல் மைதானத்துக்கு 53,034 பேர் வந்தனர். நுழைவு இலவசந்தான், ஆயினும் அவ்வளவு பேர் எழுந்து வந்தார்களே! கார்ல்ட்டன் 18 புள்ளிகளுக்கு 63 என்று பெருந்தோல்வி கண்டது. இரண்டு இறுதியாட்டங்கள், இரண்டிலும் தோல்வி. வெற்றிக் கிண்ணம் டெய்லாவின் கைக்கு வந்தது 2022 நவம்பரில், மூன்றாவது கழகமான மெல்பேர்ணுக்கு ஆடியபோது, தம் பழைய அணியான பிரிஸ்பேனை வென்று. அதற்கு முன்பே, 2019 செப்டெம்பர் 11 அன்று, மெல்பேர்ணின் நடுவே அமைந்த பெடரேசன் சதுக்கத்தில் அந்த உதையின் வெண்கலச் சிலை திறந்துவைக்கப்பட்டது. ஆறு மாதங்களுக்கு முன் அகற்றப்பட்ட படம் 3.3 மீற்றர் உயரச் சிலையாய் எழுந்து நின்றது.

பெற்றோரே, இக்கதையில் நம்மவர் வீடுகளுக்கு என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம்.

"நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்ற கேள்வியைக் கேட்டு வளராத தமிழ்ப்பிள்ளை உண்டா? ஊரில் அந்த நாலு பேர் ஒழுங்கையின் முனையிலும் கோயில் வீதியிலும் இருந்தார்கள். இன்று அவர்கள் முகநூலிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் இருக்கிறார்கள். மகள் அரைக்காற்சட்டையோடு பந்தை உதைக்கும் படத்தை யாரோ பகிர்கிறார்கள். உறவினர் ஒருவர் வேறொரு நாட்டிலிருந்து தொலைபேசியில் அழைத்து, "இதென்ன கோலம்? வயசுக்கு வந்த பிள்ளை அல்லவா?" என்கிறார். வீட்டில் அன்றிரவு யாரும் உரத்துப் பேசுவதில்லை. அடுத்த வாரம் மகளின் விளையாட்டுப் பை அலுமாரிக்குள் போய்விடுகிறது. தம்பி வழக்கம்போல் பயிற்சிக்குச் செல்கிறான். இது அந்தத் தொலைக்காட்சி நிறுவனம் செய்த அதே செயல். பேசியவர் பேசியபடியே இருக்கிறார், பிள்ளை மறைக்கப்படுகிறாள்.

பெற்றோரின் அச்சம் அன்பிலிருந்து பிறப்பது என்பதை மறுப்பதற்கில்லை. புதிய நாட்டில், புரியாத ஆட்டத்தில், பிள்ளைக்கு ஊறு நேர்ந்துவிடுமோ என்ற கவலை இயல்பானது. காயம் பற்றிய அச்சத்துக்கும் அடிப்படை உண்டு. இவ்வாட்டத்தில் முழங்காலின் உள்ளே உள்ள தசைநார் கிழிவது ஆண்களைவிடப் பெண்களுக்கு மிகுதி. மேற்சொன்ன 2019 இறுதியாட்டத்திலேயே அடிலெய்ட் அணித்தலைவி எரின் பிலிப்ஸ் அவ்வாறு காயமுற்றுத் தூக்கிச் செல்லப்பட்டார். ஆட்டத்துக்கு முன் முறையாக உடலைப் பதப்படுத்தும் பயிற்சியும், குதித்து இறங்கும் முறையைக் கற்பதும் இவ்விடரைக் குறைக்கும். மகளைச் சேர்க்கப்போகும் கழகத்தில் அப்பயிற்சி உண்டா, பயிற்றுநர் யார், சிறுவரோடு பணியாற்ற அவர் உரிய அனுமதி பெற்றவரா என்று கேளுங்கள். இவை பெற்றோர் கேட்க வேண்டிய கேள்விகள். "நாலு பேர்" பற்றிய கேள்வி இந்த வரிசையில் சேராது.

அவதூறு வரும் நாளில் என்ன செய்வதென்று முன்கூட்டியே வீட்டில் பேசி வையுங்கள். இழிவான கருத்தை அழிக்குமுன் திரைப்பதிவு எடுத்து, நாளும் நேரமும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தளத்திலேயே முறையிடுங்கள். பள்ளிக்கோ கழகத்துக்கோ தெரிவியுங்கள். அவுஸ்திரேலியாவில் இணையப் பாதுகாப்புக்கென 2015 இல் ஓர் ஆணையர் அலுவலகம் சிறுவர்களுக்காக ஏற்படுத்தப்பட்டது. 2021 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி, வளர்ந்தோர் மீதான கடுமையான இணைய வன்சொல்லையும் அகற்றச் சொல்லும் அதிகாரம் அதற்குக் கிடைத்தது. பிற நாடுகளில் வாழ்வோர் தத்தம் நாட்டில் உள்ள வழியை அறிந்து வைத்திருப்பது நன்று. எல்லாவற்றுக்கும் முன், மகளிடம் முதலில் சொல்ல வேண்டிய சொல் ஒன்று உண்டு: "இதில் உன் பிழை எதுவும் இல்லை, பிள்ளை." அதைச் சொன்ன பிறகு மற்றவற்றைப் பேசலாம்.

இளையோரே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். டெய்லாவுக்காக முதலில் எழுந்து நின்றவர்கள் அவரோடு ஆடியவர்களும், அவரைப் போல் ஆடியவர்களுமே. உங்கள் வகுப்புத் தோழியின் படத்தைக் கேலி செய்து ஒருவன் குழுவில் அனுப்பும்போது, சிரிப்புக்குறி போடுபவரும் அதில் பங்காளியே. "இதை நீக்கு" என்று ஒரே ஒருவர் எழுதினால் போதும். அடுத்தவருக்குத் துணிவு வரும். குறிப்பாக ஆண்பிள்ளைகள் இதை எழுத வேண்டும். அக்காவும் தங்கையும் உங்களுக்கும் இருக்கிறார்கள்.

2017 இல் எட்டு அணிகளோடு தொடங்கிய பெண்கள் போட்டியில் 2022 ஆம் ஆண்டின் இரண்டாம் பருவத்திலிருந்து 18 கழகங்களும் களம் காண்கின்றன. பன்னிரண்டு வயதிலோ பதினான்கு வயதிலோ வெளியே அனுப்பப்பட்ட சிறுமியர்க்கு இல்லாத பாதை, இன்றைய சிறுமியர்க்கு இருக்கிறது. உங்கள் மகள் உதைபந்தைத்தான் தெரிவு செய்ய வேண்டும் என்பதில்லை. நீச்சலாகட்டும், துடுப்பாட்டமாகட்டும், வலைப்பந்தாகட்டும், அவள் விரும்பும் திடலுக்கு அவளை அழைத்துச் செல்லுங்கள். எல்லைக்கோட்டருகே ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டு அமருங்கள். அவள் கால் தூக்கி உதைக்கும் நொடியில் நீங்களே ஒரு படம் எடுத்து வீட்டுச் சுவரில் மாட்டுங்கள். யாரேனும் வந்து அதைப் பார்த்து முகம் சுளித்தால், படம் சுவரிலேயே இருக்கட்டும்.